பதினோராவது குடும்பம்

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பாய்ட் கில்கிறிஸ்ட்தான். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. பிற்பாடு அவர் பேருந்து ஓட்டுநரில் தொடங்கி பாப்ளர் மரங்கள் வரை எல்லார் தலையிலும் பழியைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை.

கோதுமை அறுவடை முடிந்த வயலில், மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சரிந்து கிடந்த ஓர் இடத்தில், நாலு பாப்ளர் மரங்களின் நிழல் எட்டும் தூரத்தில் அவர் பூட்ஸ் காலை ஊன்றி நின்றார்.

“இங்கதான். தோண்டலாம்,” என்றார்.

“எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?” என்று கேட்டாள் நிலத்துக்காரி ட்ரூடி ஹைன்ரிக்ஸ். தோண்டும் இயந்திரத்தை ஓட்டப்போவதும் அவள்தான்.

“இந்த இடம் என்னைக் கூப்பிடுதும்மா. ஐம்பது வருஷமா மண்ணு பாக்கறேன். காலை வெச்சாலே தெரிஞ்சிடும்.”

“உங்க காலே சொன்னப்புறம் நான் யாரு மறுக்க? ஆனா மூடறப்ப ஒழுங்கா மூடணும், சொல்லிட்டேன். அடுத்த வருஷம் இங்க மசூர் பருப்பு போடறேன்.”

பக்கத்தில் நின்ற மார்லா ஷெவ்சுக் பல்லைக் கடித்துக்கொண்டாள். காலை வைத்தாலே தெரிந்துவிடுமாம்! பெருமைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. என்ன செய்வது, மறுநாள் சாயங்காலம் இந்த மனிதருடைய ஒரு கை அவளுக்காக மேலே எழும்ப வேண்டியிருந்தது.

மண்ணுக்குப் பெயர் வைப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மார்லாவின் மாமியாரே கேட்டிருக்கிறார். பிழைப்புதான், அதுவும் சண்டைக்குக் குறைவில்லாத பிழைப்பு. கனடாக்காரர்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் மண்ணுக்குப் பத்துக் குடும்பங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கர்களின் புத்தகத்தில் பன்னிரண்டு. உலகத்துக்கெல்லாம் பொதுவான புத்தகத்தில் முப்பத்திரண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் செர்னோசெம் என்று பெயர் வாங்கிய கருப்பு மண், வேலியைத் தாண்டினால் மாலிசால் ஆகிவிடும். உலகப் புத்தகம் அதையே கஸ்டானோசெம் என்றாலும் என்னும். மண் பாவம், கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே வருஷா வருஷம் செப்டம்பரில் மூன்று புத்தகக்காரர்களும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே குழியில் இறங்கி, ஆளுக்கொரு பெயர் சொல்லி, தொண்டை வற்றச் சண்டை போட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். கிறிஸ்துமஸைவிட அந்தப் பயணத்தைத்தான் மார்லா ஆவலாக எதிர்பார்ப்பாள்.

இந்த வருஷம் ஆவலோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. அதற்குக் காரணம் அவள் அப்பா ஒரெஸ்ட்டின் உருளைக்கிழங்குத் தோட்டம்.

மார்லா பிறந்து வளர்ந்தது சஸ்காட்சுவான் மாகாணத்தின் தெற்குக் கோடியில், நிலக்கரிப் பூமியில். ஒரெஸ்ட், ஒரு வீட்டையே அள்ளிவிடுகிற அளவுள்ள மண்வாரி இயந்திரத்தை ஓட்டியவர். கரிக்காக நிலத்தைப் புரட்டிப் போட்டது அவர் கை. கரி தீர்ந்ததும் மண்ணைத் திரும்ப நிரப்பிச் சமப்படுத்தியதும் அதே கைதான். இன்றைக்கு அங்கே புல் இடுப்பளவு நிற்கிறது, மான் மேய்கிறது, ஒரெஸ்ட் கிழங்கு போடுகிறார். ஆனால் நாட்டின் மண் வரைபடத்தை விரித்தால் அந்த இடம் மட்டும் ஒரு சாம்பல் நிறத் திட்டு. ‘கலைக்கப்பட்ட நிலம்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பத்துக் குடும்பங்களில் ஒன்றுகூட அதை வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

“ஊர் மண்ணுக்கெல்லாம் பேரு வெக்கற. நம்ம வீட்டு மண்ணு மட்டும் அநாதையா?” என்று ஒரெஸ்ட் கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். மார்லாவுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

மனிதன் புரட்டிய மண்ணுக்கு அமெரிக்கப் புத்தகம் இடம் கொடுத்துவிட்டது. உலகப் புத்தகம் ஒரு முழுக் குடும்பமே கொடுத்திருக்கிறது. சொந்த நாட்டுப் புத்தகத்தில்தான் கதவு சாத்தியே கிடந்தது. பதினோராவதாக ஒரு குடும்பம் வேண்டும் என்று மார்லா கொடுத்த கோரிக்கை இந்தப் பயணத்தின் கடைசி விருந்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. வாக்களிக்கும் குழுவில் ஆறு பேர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். ஏழாவது ஆள், குழுவின் தலைவர், பாய்ட் கில்கிறிஸ்ட்.

மறுநாள் பேருந்தில் இரண்டு கோப்பைக் காபியோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பாய்ட், யோசிச்சீங்களா?”

“யோசிக்க என்னம்மா இருக்கு? காத்தும் மழையும் புல்லும் பத்தாயிரம் வருஷம் பாடுபட்டுச் செய்யறது மண்ணு. மனுஷன் கொட்டினது மண்ணு இல்ல, குப்பை.”

“அப்ப எங்கப்பா குப்பையிலதான் கிழங்கு போடறாரா?”

“ஒரெஸ்ட்டோட கிழங்கை நான் சாப்பிட்டிருக்கேன். கிழங்கு பிரமாதம். ஆனா அதை மண்ணுன்னு சொல்லச் சொல்லாதே.”

“இன்னும் கொஞ்ச வருஷம் போனா வித்தியாசமே தெரியாது, பாய்ட்.”

“யாருக்குத் தெரியாது? என் கண்ணைக் கட்டி விடு. மனுஷன் கை பட்ட மண்ணை மோந்து பாத்தே சொல்லிடுவேன்.”

பின்னிருக்கையிலிருந்து வெண்டல் ப்ரெக்கெயின் தலை நீண்டது. அவர் வட டகோட்டாக்காரர், அமெரிக்கப் புத்தகத்துக்குக் கொடி பிடிக்கிறவர். பாய்ட்டோடு எத்தனை வருஷச் சண்டையோ அத்தனை வருஷச் சிநேகம்.

“யோவ் கிழவா, பக்கத்து வீட்ல எல்லாம் இடம் குடுத்தாச்சு. நீ மட்டும் வாசக்கதவைப் புடிச்சுக்கிட்டு நில்லு.”

“உங்க வீட்லதான் கதவே இல்லையேய்யா. போறவன் வரவன் எல்லாம் உள்ள வரலாம்.”

பேருந்தே சிரித்தது. மார்லாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் காபி கசந்தது.

ட்ரூடி தோண்டி வைத்திருந்த குழி ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. இறங்குவதற்குப் படிபோல் ஒரு பக்கம் வெட்டியிருந்தாள். குழியில் இறங்கியதும் வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்தக் கூட்டத்தின் வழக்கம். எந்த இடத்தில் மண்ணின் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தோன்றுகிறதோ, அங்கே ஆளாளுக்குச் சுவரில் ஆணி குத்த வேண்டும், பேச்செல்லாம் அப்புறம்தான். கோல்ஃப் பந்தை நிறுத்தி வைப்பார்களே, அந்த ஆணி. பாய்ட்டின் ஆணிகள் மஞ்சள் பிளாஸ்டிக், தலையில் வாத்து முத்திரை. அவர் வாலிபராக இருந்த காலத்தில் ஊரில் இருந்த கோல்ஃப் கிளப்பை இழுத்து மூடியபோது ஒரு மூட்டை ஆணியை அவரிடம் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள். அந்த ஆணி உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. ஒவ்வொரு குழியை விட்டு ஏறும்போதும் ஆணியை எண்ணி எடுக்காதவனைப் பேருந்தில் ஏற்றக் கூடாது என்று சத்தம் போடுவதும் அவர்தான்.

அன்றைக்கு வழக்கமெல்லாம் பறந்துவிட்டது. வெயில் விழுந்த சுவரைப் பார்த்ததுமே எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டார்கள். மேலே கருப்பு. அதன்கீழ் வெளிறின மஞ்சள். அதற்கும் கீழே மறுபடியும் கருப்பு, நல்ல கன்னங்கரேல் என்று! மண்ணுக்குள் இன்னொரு மண் புதைந்து கிடக்கிறது. மண்காரர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை.

“பாத்தியா! பாத்தியா!” பாய்ட் குழிக்குள் குதிக்காத குறை. “என் காலு பொய் சொல்லுமா? அந்தக் காலத்துல இங்க ஒரு புல்வெளி இருந்திருக்கு. பெரிய வெள்ளம் வந்து மூடியிருக்கு. மேல புதுசா புல்லு முளைச்சு மறுபடி கருப்பாயிருக்கு. அடடா, அடடா!”

ஹங்கேரியிலிருந்து வந்திருந்த இல்திகோ, உலகப் புத்தகக்காரி, மூக்கு சுவரில் இடிக்கும்படி நெருங்கிப் பார்த்தாள். “நடு மஞ்சள்ல கருப்புக் கட்டி கட்டியா இருக்கே, அது என்ன?”

“கோஃபர் வளை,” என்றார் பாய்ட். “அந்தத் தரை அணில் தோண்டறப்ப மேல் மண்ணு உள்ள சரியும்.”

“இவ்வளவா?”

“எங்க ஊர் கோஃபர் நல்ல உழைப்பாளிம்மா.”

உடனே சண்டை தொடங்கியது. புதைந்த மண்ணுக்குப் பெயர் வைப்பதா, மூடிய மண்ணுக்குப் பெயர் வைப்பதா? மூடாக்கு அரை மீட்டருக்கு மேல் இருந்தால் மேலே உள்ளதற்கே பெயர் என்று வெண்டல் நாடாவை இழுத்துப் பிடித்தார். இரண்டு விரல் கூடுதலாக வந்தது.

“யோவ், நாடாவைக் கோதுமைத் தட்டை மேல வெச்சு அளந்தா அரை மீட்டர் என்ன, அரை மைலே வரும்!” என்று பாய்ட் கத்தினார். “தட்டையைத் தள்ளிட்டு அள!”

தள்ளிவிட்டு அளந்தால் இரண்டு விரல் குறைந்தது. வேறு யாரோ குழி விளிம்பில் நின்று மண்ணை மிதித்து அமுக்கிவிட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். மார்லாவின் கோரிக்கையை எதிர்த்த மூவரில் ஒருவர், ஒல்லியான லாய்ட், வெள்ளம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கையை வீசி வீசி விளக்கினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மார்லாவும் வாக்கெடுப்பை மறந்து, எல்லாவற்றையும் நம்பி, தன் ஆணிகளையும் வரிசையாகக் குத்தினாள்.

ட்ரூடி மேலிருந்து கையைத் தட்டினாள். “மண்ணு எங்கயும் ஓடிப்போகாது. கேக் ஆறிடும். வாங்க!”

சஸ்கட்டூன் பெர்ரி கேக் என்றதும் குழி காலியானது. மார்லா மட்டும் நின்றாள். வெயில் சுவரையே பார்த்துப் பார்த்துக் கண் கூசியதால், எதிர்ப்பக்க நிழல் சுவரை நோக்கித் திரும்பிக் கண்ணைக் கசக்கினாள்.

கசக்கின கண்ணைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நிழல் சுவரில் ஒரே ஒரு கருப்பு. அதன்கீழ் பழுப்பு, அதன்கீழ் சுண்ணாம்பு வெள்ளை. ஊரெல்லாம் இருக்கிற சாதாரணக் கருப்பு மண். அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பியே பார்க்கவில்லை.

வெள்ளம் குழியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகுமா என்ன?

குறுக்குச் சுவரைப் பார்த்தாள். கீழ்க் கருப்பு அதில் பாதி தூரம் வந்து, மண்வெட்டியால் வெட்டினதுபோல் நேர்கோட்டில் நின்றது. கத்தியை எடுத்து வெயில் சுவரின் கீழ்க் கருப்பில் மெல்லக் கீறினாள். மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பாய்ட் குத்திய ஆணி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் குத்திய ஆணியின் தலை வெளியே இருக்கும். இது மண்ணுக்குள்ளே படுத்துக் கிடந்தது. ஊதிப் பார்த்தாள். வாத்து முத்திரை! அதற்குப் பக்கத்தில் பழுப்புக் கண்ணாடி ஒன்றும் மினுக்கியது.

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது என்ன செய்வது? எல்லாரையும் கூப்பிட்டு, ‘கண்ணைக் கட்டி விடச் சொன்னீங்களே, பாய்ட்’ என்று கேட்கலாம். இனிப்பாகத்தான் இருக்கும். ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விருந்துக்கு முன்னால் தனியாகக் காட்டி, ‘கையைத் தூக்குறீங்களா, இல்ல இதை நான் தூக்கட்டுமா’ என்றும் கேட்கலாம். அந்த எண்ணமும் வரத்தான் வந்தது, அவளும் மனுஷிதானே. படியில் ஏறி எட்டிப் பார்த்தாள். பாய்ட் வாயெல்லாம் பெர்ரி ஊதாவோடு, தட்டில் கேக்கை மூன்று அடுக்காக வைத்து, ட்ரூடிக்கு வெள்ளத்தின் கதையை விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட பையன் முகம்தான் அந்த எழுபத்துச் சொச்ச வயது முகம். அவரை அவமானப்படுத்தி வாங்குகிற கை தனக்கு வேண்டாம் என்று மார்லாவுக்குத் தோன்றியது. மண்ணே அவரிடம் சொல்லட்டும். உதிர்ந்த மண்ணை எடுத்து ஆணிமேல் அப்பி மூடினாள்.

“பாய்ட்! கொஞ்சம் வாங்களேன். எனக்கு ஒண்ணு புரியல.”

அவர் வந்தார். அவர் வந்தால் வெண்டல் வராமல் இருப்பாரா? வெண்டல் வந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? விளிம்பு முழுக்கக் கேக் தட்டுகள்.

“அந்தப் பக்கச் சுவரை ஒரு தடவை பாருங்க,” என்றாள் மார்லா. “அப்புறம் இங்க, கீழ்க் கருப்புல, இந்த இடத்துல கீறுங்க.”

பாய்ட் நிழல் சுவரைப் பார்த்தார். புருவம் நெரிந்தது. திரும்பிக் கத்தியை வைத்துக் கீறினார். ஆணி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

“எவன்யா என் ஆணியை இவ்வளவு ஆழத்துக்கு அடிச்சது?”

“யாரும் அடிக்கல, பாய்ட். அது உள்ள இருந்து வருது.”

வெண்டல் குனிந்து அந்தப் பழுப்புக் கண்ணாடியைத் தோண்டி எடுத்தார். கழுத்துக் குட்டையான பழைய பீர் பாட்டில். அந்த மாதிரி பாட்டிலைக் கடையில் பார்த்தே ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

பாய்ட் பாட்டிலைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். தலையைத் தூக்கி நாலு பாப்ளர் மரங்களையும், சரிந்து கிடக்கும் வயலையும் பார்த்தார். பிறகு குழியின் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எழுபத்திரண்டு,” என்றார். “செப்டம்பர்.”

“என்ன எழுபத்திரண்டு?” என்று கேட்டாள் இல்திகோ.

“ரஷ்யாக்காரனோட கடைசி மேட்ச்.”

விளிம்பில் இருந்த கனடாக்காரர்கள் அத்தனை பேரும் “ஆ!” என்றார்கள். இல்திகோ விழித்தாள். வெண்டல் அவளிடம் சொன்னார்: “ஐஸ் ஹாக்கிம்மா, ஐம்பது வருஷத்துக்கு முந்தி. அன்னிக்கு இந்த நாட்டுல ஒருத்தனும் வேலை செய்யலையாம்.”

“நானும் செய்யல,” என்றார் பாய்ட். “வேலைக்குச் சேந்த புதுசு. விடிகாலையில வந்து இங்க குழி தோண்டினேன். அந்த மரத்தடியில உக்காந்து பீரைக் குடிச்சேன். மேட்ச் ஆரம்பிக்கப் போகுதேன்னு கருப்பு மண்ணை முதல்ல தள்ளி, மஞ்சளை அது மேல தள்ளி, ஆணியைக்கூட எடுக்காம ஓடினேன். ஐம்பது வருஷ உழவு மேல மறுபடி கருப்பைப் பரப்பியிருக்கு.” கையிலிருந்த ஆணியைத் திருப்பினார். “இந்த இடம் என்னைக் கூப்பிட்டுச்சுன்னேனே. கூப்பிடாம என்ன செய்யும்?”

ட்ரூடி இடுப்பில் கையை வைத்தாள். “அப்ப, இந்த இடத்துல மட்டும் கோதுமை ஏன் சோகையா வருதுன்னு எங்க மாமனார் சாகற வரைக்கும் மண்டையை உடைச்சுக்கிட்டாரே, அது உங்க வேலைதானா?”

வெண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தட்டை வைக்காதவர்கள் கேக்கைக் குழிக்குள் கொட்டினார்கள். ஓட்டுநர் பேருந்தை இந்த வேலியோரம் நிறுத்தியிருக்கக் கூடாது என்றும், இந்த மரங்கள் வேறு நிழல் காட்டி ஏமாற்றுகின்றன என்றும் பாய்ட் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவருக்கே அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“வெள்ளம் எந்தத் திசையிலேருந்து வந்துச்சு, லாய்ட்?” என்று யாரோ கேட்டார்கள். லாய்ட் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் வழக்கப்படி பெயர் சொல்ல வேண்டுமே. இல்திகோ புத்தகத்தைப் புரட்டினாள். “எங்ககிட்ட இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு. மனுஷன் தோண்டி, அங்கயே திருப்பிப் போட்டதுன்னு அர்த்தம்.”

“எங்ககிட்டயும் இருக்கு,” என்றார் வெண்டல். “மனுஷன் கலைச்சதுன்னு சேத்துச் சொல்லுவோம்.”

பாய்ட் மார்லாவைப் பார்த்தார். “நம்மகிட்ட?”

அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டார்.

“நம்மகிட்ட இல்ல, பாய்ட்.”

அவர் கீழ்க் கருப்பிலிருந்து ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் மோந்தார். “நல்ல வாசனையாத்தான் இருக்கு,” என்றார். “வேர் ஓடியிருக்கு. புழு ஊர்ந்திருக்கு. சோகையோ என்னவோ, கோதுமையும் வெளஞ்சிருக்கு. மண்ணுன்னு நானே சத்தியம் பண்ணிட்டேன். இதைக் குப்பைன்னு இனிமே எந்த வாயால சொல்றது?”

மார்லா தன் ஆணிகளைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

மூடும்போது ட்ரூடி இயந்திரத்தின் மேலிருந்து, “கருப்பு கடைசியில! கருப்பு மேல!” என்று கத்திக்கொண்டே மூடினாள். பாய்ட் பக்கத்தில் நின்று ஆணிகளை இரண்டு தரம் எண்ணினார்.

சாயங்காலம் ட்ரூடியின் கொட்டகையில் நீளமேசை போட்டு விருந்து. கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை மலைபோல் குவிந்திருந்தது. வெங்காயமும் வெண்ணெயும் மணத்தன. பாய்ட் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார். பதினோராவது குடும்பத்தை ஏற்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். எதிர்பார்த்த மூன்று கைகள் எழுந்தன. மார்லா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரோகிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் கணக்குத் தவறினாள்.

“நிமிர்ந்து பாரும்மா,” என்றார் வெண்டல்.

நிமிர்ந்தாள். பாய்ட்டின் கை மேலே இருந்தது. விரல்களுக்கு நடுவில் அந்தப் பழைய மஞ்சள் ஆணி. எதிர்த்தவர்களின் வரிசையில், தொப்பியை இன்னும் கழற்றாத லாய்ட்டின் கையும் மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

கொட்டகை அதிர்ந்தது. மார்லா அழுதாள், சிரித்தாள், கையில் கிடைத்த இல்திகோவைக் கட்டிக்கொண்டாள்.

“பதினொண்ணுதானே?” என்றார் வெண்டல். “இன்னமும் எங்களைவிட ஒண்ணு கம்மிதான்.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடுய்யா,” என்று சொல்லிவிட்டு பாய்ட் நாலாவது பெரோகியை வாயில் போட்டார். மென்றுகொண்டே மார்லா பக்கம் திரும்பினார். “கிழங்கு யாரோடது?”

“அப்பாவோடது. நான்தான் ஒரு மூட்டை கொண்டுவந்தேன்.”

அவர் மென்று விழுங்கினார். “நல்ல மண்ணும்மா அது,” என்றார்.

மார்லா ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் இன்னும் வயலில் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து, கடைசியில் ஒரெஸ்ட் மூச்சிரைக்க எடுத்தார், தோட்டத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்பா, ஜெயிச்சுட்டோம். நம்ம மண்ணைச் சேத்துக்கிட்டாங்க.”

மண்வெட்டி தரையில் விழும் சத்தம் கேட்டது.

“அப்பா?”

“என்ன பேரும்மா?”

“பேரு இனிமேதான் வெக்கணும். இடம் கிடைச்சாச்சு.”

“பாய்ட்டுமா கையைத் தூக்கினான்?”

“அவர்தான் தூக்கினார்.”

“இரு, வெச்சுடாதே,” என்றார் ஒரெஸ்ட். ஃபோனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கிழங்குப் பாத்திகளுக்கு நடுவில் அவர் பூட்ஸ் தடதடக்க ஓடுவதும், வீட்டைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் கத்துவதும் கேட்டன.

“ஏய்! ஏய், வெளிய வா! நம்மளோடதும் மண்ணுதானாம்!”